நேதா அளந்த நிழல்

வெல்கோ சாப்பிட மாட்டேன் என்று படுத்து அன்றோடு மூன்று நாள் ஆகிவிட்டது.

வெல்கோவுக்கு எட்டு வயதுதான். ஆனால் சாதாரண நாளில் அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையைக் கழுவவே வேண்டியிருக்காது. அப்படிப்பட்டவன் இப்போது கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். அம்மா பீன்ஸ் சூப் வைத்தாள். ஆறிப்போனது. சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி வைத்தாள். அதைப் பூனை தின்றது.

அவனுடைய அக்கா நேதாவுக்கு நின்றால் நிலைகொள்ளவில்லை, உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, எத்தனை நாள் ஆச்சு?" கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எதுக்கு?"

"அளந்து."

"எட்டு."

"அப்போ இன்னும் முப்பத்திரண்டுதான்" என்றான் வெல்கோ. கணக்கில் அவன் எப்போதுமே கெட்டி.

விஷயம் இதுதான். ஆர்தா ஆற்றின் மேல் நானூறு வருஷமாக நின்ற கல் பாலத்தின் நடு வளைவை, போன வசந்தத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு தூணும் கூடவே போனது. அதைத் திரும்பக் கட்டுவதற்காக, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாசோ மேஸ்திரி பன்னிரண்டு கொத்தனார்களோடு வந்திருந்தார்.

கொத்தனார்கள் வந்தால் அந்த ஊரில் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். கல் கட்டடம் நிலைத்து நிற்க ஓர் உயிர் வேண்டுமாம். அதனால் கொத்தனார், யாராவது ஒருவருடைய நிழலை அவருக்கே தெரியாமல் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றை அஸ்திவாரத்தில் வைத்துக் கட்டிவிடுவாராம். நிழலுக்கு உரியவர் நாற்பது நாளைத் தாண்ட மாட்டாராம். நடக்கத் தொடங்கும்போதே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடும்.

வெல்கோவுக்கும் தெரியும். ஆனால் அன்று ஆற்றங்கரைப் பைன் மரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது அவன் கையில் ஒரு பேரிக்காய் இருந்தது. பேரிக்காய் தின்னும்போது அவனுக்கு வேறு எதுவும் நினைவில் இருக்காது. தின்று முடித்துத் திரும்பிப் பார்த்தால், பின்னால் தாசோ மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதும் அவன் பெரிதாகப் பயப்படவில்லை. ஆனால் ஐந்து நாள் கழித்து, துணி துவைக்கப் போன த்ரென்டா அத்தை ஓடி வந்தாள். கிழக் கொத்தனார் ஒருவர் சுருட்டிய கயிறு ஒன்றைப் புதுத் தூணின் கற்களுக்கு நடுவே செருகுவதைக் கண்ணால் பார்த்தாளாம். பார்த்ததைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று படுத்தவன்தான் வெல்கோ.

நேதா ஜன்னல் கதவை விரியத் திறந்தாள். வெயில் கட்டில் மேல் விழுந்தது.

"எழுந்து உக்காரு. ம். இப்போ சுவத்தைப் பாரு. அது யாரு நிழல்?"

வெல்கோ பார்த்தான். கலைந்த தலைமுடியோடு அவன் நிழல் சுவரில் உட்கார்ந்திருந்தது.

"என்னோடதுதான். ஆனா இது வேறக்கா."

"எப்படி வேற?"

"அவரு எடுத்தது நீளமானது. இது குட்டையா இருக்கு. மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அப்பா ஸ்தாமென் குதிரைச் சேணம் தைக்கிறவர். அன்று காலையிலிருந்து இரண்டு ஊசிகளை ஒடித்திருந்தார். அவரைச் சுற்றித் தெரு ஆண்கள் நின்றார்கள்.

"நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நேரா பாலத்துக்குப் போறோம். ஆளுக்கொரு கடப்பாரை. தூணைப் பிரிச்சுக் கயித்த எடுக்காம வர்றதில்ல" என்றார் அப்பா.

"மேஸ்திரி தடுத்தா?"

"தடுக்கட்டும்."

அப்பாவின் குரல் நடுங்கியது. கோபமில்லை, பயம் என்று நேதாவுக்குப் புரிந்தது. அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை. அவள் செருப்பைக்கூடத் தேடாமல் ஆற்றை நோக்கி ஓடினாள்.

பாலத்தை நெருங்கியதும் ஓட்டம் நின்றது. வெயில் பளிச்சென்று அடித்தது. அவளுடைய நிழல் அவளுக்கு முன்னாலேயே கொத்தனார்களிடம் போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. கைப்பிடிச் சுவரின் நிழலுக்குள் ஒட்டிக்கொண்டு நடந்தாள்.

தாசோ மேஸ்திரி புதுத் தூணின் மேல் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய உருவம். சுண்ணாம்பு படிந்து மீசையில் ஒரு பாதி வெளுத்திருந்தது.

"யாரது சுவத்துல பல்லி மாதிரி?" என்றார்.

"நான் வெல்கோவோட அக்கா. எங்க தம்பி நிழலை எதுக்கு அளந்தீங்க?"

மேஸ்திரி இறங்கி வந்தார். "எந்தத் தம்பி? ஓ, பேரிக்காய்ப் பையனா? நான் அளந்தது மரத்தைம்மா."

"மரத்தையா?"

"நடு வளைவு கட்டணும்னா முதல்ல அடியில மரத்தால ஒரு வளைவு போட்டுத் தாங்கணும். அதுக்கு நீளமான மரம் வேணும். அந்தப் பைன் மரம் போதுமான்னு வெட்டுறதுக்கு முன்னாலயே தெரியணும். இந்த வயசுல நான் உச்சிக்கு ஏறியா அளப்பேன்? உன் தம்பி ஆடாம அசையாம நின்னான். அவன் நிழல் ஒரு கயிறு. அதே நேரத்துல மரத்தோட நிழல் பத்தரைக் கயிறு. அப்போ மரம் எவ்வளவு உயரம்?"

நேதா யோசித்தாள். "பத்தரை வெல்கோ."

"கெட்டிக்காரி. உன் தம்பி என் மூணாவது பொத்தான் உயரம். முடிஞ்சது கணக்கு. நிழலை எடுத்துக் கட்டடத்துல வைக்கிறதெல்லாம் வெட்டிப் பேச்சு. கல்லு நிக்கிறது கல்லாலயும் சுண்ணாம்பாலயும்."

நேதாவின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. "அப்போ அந்தக் கயிறு எங்க? குடுங்க. காட்டினா எழுந்திரிச்சுருவான்."

"அதை அங்கேயே போட்டுட்டேனே."

பின்னால் ஒரு கொத்துக் கரண்டி கல்லின் மேல் விழுந்து சத்தமிட்டது. கோல்யோ என்ற கிழக் கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி மெதுவாகத் திரும்பினார். "கோல்யோ, என்ன பண்ணித் தொலைச்சே?"

"கீழ கெடந்துச்சு மேஸ்திரி" என்றார் கிழவர். "வீணாப் போகுதேன்னு வச்சேன்."

"எங்க வச்சே?"

"மூணாவது வரிசைல."

மேஸ்திரி திட்டிய திட்டில் தண்ணீரில் நின்ற வாத்துகள் பறந்துபோயின. கிழவர் கீழே விழுந்த கரண்டியை எடுத்துத் துடைத்தார்.

"போன தடவ நான் கட்டின பாலம் ரெண்டு மழை தாங்கல" என்றார் கடைசியில். "அதோட ரெண்டு பேரு போயிட்டாங்க. இதாவது நிக்கணும்னுதான்."

"சின்னப் பையன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் நேதா.

"கயிறுதாம்மா தெரிஞ்சுது. பையன் தெரியல."

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நேதா வாயைத் திறந்தாள். ஆனால் கிழவரின் கண்களில் நீர் தளும்பி நின்றதைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"இப்போ அதை வெளிய எடுக்க முடியுமா?"

மேஸ்திரி தூணைத் தட்டினார். "மூணாவது வரிசைக்கு மேல பதினோரு வரிசை ஏறிடுச்சு. ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோட இரும்புக் கவ்வி போட்டு, ஈயம் காய்ச்சி ஊத்தியிருக்கு. கயித்த எடுக்கணும்னா தூணையே பிரிக்கணும். பிரிச்சா மழைக்கு முன்னால திரும்பக் கட்ட முடியாது. ஒத்தக் கால்ல நிக்கிற பாலத்தை ஆறு சும்மா விடாது. மிச்சம் இருக்கிறதும் போயிரும்."

மறுநாள் காலை பூசை எப்போது முடிந்தது, பாதிரியார் என்ன சொன்னார், நேதாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவள் மனம் வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. சர்ச் வாசலில் ஆண்கள் கடப்பாரைகளை எடுத்தபோது, அவள் வீட்டுக்கு ஓடி, அம்மாவின் நூல் கூடையிலிருந்து ஒரு சிவப்பு நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு விரைந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பாலத்தின் மேல் இருபது பேர் இந்தப் பக்கம், பதின்மூன்று பேர் அந்தப் பக்கம் நின்றார்கள். நடுவில் தாசோ மேஸ்திரியும் அப்பாவும் நின்றார்கள்.

"எம் பையன் சாகக் கெடக்கான்" என்றார் அப்பா.

"ஒரு கயித்தால யாரும் சாக மாட்டாங்கய்யா. எல்லாம் வெட்டிப் பேச்சு" என்றார் மேஸ்திரி.

"உங்க ஊர்ல வெட்டிப் பேச்சா இருக்கலாம். தள்ளு."

"தள்ள மாட்டேன்."

நேதா இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

"மேஸ்திரி, நிழலை அளந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"நிச்சயமா?"

"நூறு தடவ சொல்லணுமா?"

"அப்போ உங்க நிழலைக் குடுங்க" என்று நேதா நூலை நீட்டினாள். "நான் அளந்துக்கிறேன். அந்த நூலு எங்க தம்பிகிட்ட இருக்கும். அவன் நிழல் உங்க தூணுக்குள்ள இருக்கு. உங்க நிழல் அவன் கையில இருக்கட்டும். அவனைக் கவனிச்சுக்க வேண்டியது உங்க பொறுப்பு. உங்களைக் கவனிச்சுக்க வேண்டியது அவன் பொறுப்பு."

கீழே ஆறு மட்டும் சலசலத்தது. பிறகு கூட்டத்தில் ஒருவர் கனைத்தார். இன்னொருவர் சிரிப்பை அடக்கினார். எல்லாக் கண்களும் மேஸ்திரியின் மேல் திரும்பின.

மேஸ்திரி மீசையைத் தடவினார். "எனக்கென்ன. தாராளமா அளந்துக்கோ" என்றார். ஆனால் முந்தைய குரல் இல்லை அது.

அவர் நேராக நின்றார். நேதா குனிந்தாள். அதே நொடியில் வெயில் மறைந்தது.

மலைக்கு மேலே கருமேகம் ஒன்று வந்து நின்றுகொண்டது. பாலத்தின் மேல் யாருக்குமே நிழலில்லை. முப்பத்து மூன்று பேரும் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு வெயில் வராது போலிருக்கே" என்றார் மேஸ்திரி. "நமக்கு வேலை வேற கெடக்கு."

"நிக்கிறோம்" என்றார் அப்பா. அவர் கை கடப்பாரையை விடவில்லை.

நின்றார்கள். மேஸ்திரியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. நேதாவின் முழங்கால் கல்லில் அழுந்தி வலித்தது. மேகம் ஓரத்தில் வெளுத்தது, மறுபடி இருண்டது, பிறகு சட்டென்று கிழிந்தது. கல்லின் மேல் மேஸ்திரியின் நிழல் தொப்பியோடு நீண்டு விழுந்தது.

"குதிகால்ல யாராவது பிடிங்க" என்று கத்தினாள் நேதா.

பிடிக்க வந்தவர் கோல்யோ கிழவர். விரலால் நூலின் முனையை மேஸ்திரியின் குதிகாலோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். நேதா தொப்பியின் நுனிவரை நூலை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த மேகம் வருவதற்குள் வேலை முடிந்தது.

அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

"இது நியாயம்" என்றார்.

"சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "சும்மா நிக்கிறதுக்கு நாலு கல்லாவது தூக்கிக் குடுப்போம்."

நேதா நூலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது வெல்கோ கண்ணை மட்டும் திறந்தான்.

"இது என்ன?"

"தாசோ மேஸ்திரியோட நிழல். உன்கிட்டதான் இருக்கப் போவுது."

வெல்கோ எழுந்து உட்கார்ந்தான். நூலை விரித்துப் பார்த்தான். "இவ்வளவு பெரிசா?"

"ஆளும் பெரிசுல்ல."

"நான் இதை வச்சு ஏதாவது கட்டினா அவரு போயிருவாரா?"

"நீ என்னத்தக் கட்டப் போறே?"

"கோழிக் கூண்டு கட்டலாம்."

"வேண்டாம்டா. பாவம், பயந்துபோயிருக்காரு. வேர்த்துக் கொட்டிடுச்சு. நீதான் பத்திரமா வச்சுக்கணும். எலி கிலி கடிச்சா அவருக்கு என்ன ஆகுமோ."

வெல்கோ கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். "இங்க எலி இருக்குக்கா."

"அப்போ கழுத்துல மாட்டிக்கோ."

"மாட்டிக்கிட்டா ராத்திரி பகலா பாத்துக்கணும்."

"ஆமா."

"பாத்துக்கணும்னா தெம்பு வேணும்."

நேதா சூப் கிண்ணத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள். "கொஞ்சமாத்தான்" என்று சொல்லிவிட்டு வெல்கோ முழுவதையும் குடித்தான். அம்மா அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஜன்னலில் ஒரு மீசை தெரிந்தது.

"இந்தப் பக்கமா வந்தேன்" என்றார் தாசோ மேஸ்திரி. "பையன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்" என்றாள் நேதா.

"நல்லாத் தூங்கினானா?"

"தூங்கினான். நீங்க?"

"வேலைக்கு நேரமாச்சு" என்று மேஸ்திரி போய்விட்டார். ஆனால் அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் ஒரு துணி நிறைய பிளம்ஸ் கொண்டுவந்தார். ஒருநாள் வெல்கோ தும்மினான் என்று கேள்விப்பட்டுத் தேன் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். வெல்கோவும் சும்மா இருக்கவில்லை. தினமும் பாலத்துக்குப் போய், "மேஸ்திரி, ஓரத்துல நிக்காதீங்க" என்று சத்தம் போட்டான்.

வேலை மளமளவென்று ஏறியது. பைன் மரம் மர வளைவாகி இரண்டு தூண்களுக்கும் நடுவே நின்றது. அதன் முதுகில் இரண்டு பக்கத்திலிருந்தும் கற்களை அடுக்கிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு கல்லும் மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தது. முப்பத்தைந்தாம் நாள், உச்சியில் மிச்சமிருந்த ஒரு கல் இடைவெளியில் பூட்டுக்கல்லை இறக்கினார்கள். இனி கீழே உள்ள மர வளைவைத் தட்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் கல் வளைவு தானாக நின்றால்தான் பாலம்.

மரத்தை எடுக்கும்போது மேஸ்திரி வளைவுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். அதுதான் கொத்தனார்களின் வழக்கம். தன் வேலையில் நம்பிக்கை இருக்கிறவன் நிற்பான்.

"சுண்ணாம்பு காயட்டும். ஏழாம் நாள் எடுக்கலாம்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்ன ஏழாம் நாள், வெல்கோவின் கணக்கில் நாற்பத்திரண்டாம் நாள். பையனுடைய நாற்பதாம் நாள் தாண்டாமல் வளைவுக்கு அடியில் நிற்க அவருக்குத் துணிவில்லை என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் நாற்பதாம் நாள் பிற்பகலில் மலைமேல் இடி இடித்தது. ஆற்றின் நிறம் மாறியது. வெள்ளம் வந்தால் முதலில் மர வளைவைப் பிடுங்கும். பிடுங்கிய மரங்கள் தூணில் போய் மோதும்.

"இப்பவே எடுத்தாகணும் மேஸ்திரி" என்றார் கோல்யோ.

மேஸ்திரி கையைப் பிசைந்தார். "இன்னைக்கா? நாளைக்குக் காலையில..."

பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "எனக்கு இன்னைக்குத்தான் மேஸ்திரி நாற்பது. நானும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்." வெல்கோ கழுத்திலிருந்து சிவப்பு நூலைக் கழற்றி இரண்டு கைக்குள்ளும் இறுக மூடிக்கொண்டான். "நீங்க போங்க. நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்."

மேஸ்திரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். படகில் ஏறி, நடு வளைவுக்கு அடியிலிருந்த மணல் திட்டில் இறங்கினார். கணுக்கால்வரை தண்ணீர் ஓடியது.

கூடவே படகில் ஏறிக்கொண்ட நேதாவையும் வெல்கோவையும் படகுக்காரர் அக்கரையில் பாறைமேல் இறக்கிவிட்டார். ஊர் முழுக்க இக்கரையில் நின்று வளைவைப் பார்த்தது. நேதா மட்டும் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் கைமுட்டிகள் வெளுத்திருந்தன. அவன் மூச்சுவிடுகிறானா என்று பார்த்துப் பார்த்து அவளுக்கே மூச்சு முட்டியது.

சம்மட்டிகள் விழத் தொடங்கின. முட்டுக்கு அடியிலிருந்த ஆப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கடைசி ஆப்பும் போனதும் மர வளைவு முனகிக்கொண்டு, மேஸ்திரி நின்ற திட்டுக்கு அப்பால் சரிந்து தண்ணீரில் விழுந்தது. கல் வளைவு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கற்களுக்கு நடுவிலிருந்து பொடி கொட்டியது. மேஸ்திரியின் தொப்பி வெள்ளையாகிவிட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார்.

பொடி கொட்டுவது நின்றது. வளைவும் நின்றது.

இக்கரையில் எழுந்த சத்தத்தில் மேஸ்திரி கண்ணைத் திறந்தார். முழங்காலளவு ஏறிவிட்ட தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாறைக்கு வந்தார். வெல்கோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூவரும் நாற்பதாம் நாள் முடியக் காத்திருந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. பாறைமேல் இருந்த மூன்று நிழல்களும் கரைந்துபோயின.

"எப்படி இருக்கே?" என்று கேட்டார் மேஸ்திரி.

வெல்கோ தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நல்லா இருக்கேன். நீங்க?"

"நானும்."

"அக்கா, வீட்டுல என்ன இருக்கு?"

"பூசணிக்காய் வச்ச அடுக்கு ரொட்டி. அம்மா காலையிலயே சுட்டுட்டாங்க."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "நிறைய இருக்கா?"

"ஏன் மேஸ்திரி?"

"நேத்துலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

நேதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வெட்டிப் பேச்சுன்னு சொன்னீங்களே."

"பேச்ச விடும்மா. முதல்ல கிளம்பு."

படகு வரும்வரை காத்திருக்க மூவருக்கும் பொறுமையில்லை. பாறையிலிருந்து ஏறி, சாந்தின் ஈரம்கூடக் காயாத பாலத்தின் வழியே விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார்கள். எதிர்க்கரையில் ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான், புதுப் பாலத்தை முதலில் கடந்தவர்கள் தாங்கள்தான் என்பது அவர்களுக்கு உறைத்தது.